மாலை போட்ட அப்பா கரடி

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அப்போதே சொன்னேன், மாப்பிள்ளை. முதல் கரடிப் புத்தகத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே சொன்னேன். "பாத்துக்கினே இருங்க, இது ஒருநாள் என் தலையிலதான் வந்து விடியும்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். என் தங்கை கவிதாவைக் கேட்டால் நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் மட்டு. எங்கள் வீட்டில் ஞாபகசக்தி முழுவதும் எனக்கு வந்துவிட்டது, படிப்பு முழுவதும் அவளுக்குப் போய்விட்டது.

இரும்புலியூர்க் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதே பந்தல் கடைதான், அதே ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசிதான். அடுக்கி வைத்த வாடகை நாற்காலிகளின்மேல் ஒரு கரடிப் புத்தகம் திறந்து கிடக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அதிலிருந்து கிரேயான் வாசனை கிளம்புகிறது. எரிந்து அணைந்த மெழுகுவர்த்தி மாதிரி ஒரு வாசனை. அது மூக்கில் ஏறினால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து போய்க் கயிறுகளைச் சுருட்டினேன். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தவைதான், பிரித்துவிட்டு மறுபடி சுருட்டினேன். டீ சொன்னேன். வந்த டீயைக் குடிக்காமல் இதோ வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன் என்று ஊரில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர விஷயம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். தமிழ்ப் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பேன். இங்கிலீஷில் லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பது வரைக்கும் வரும். அதனால் அந்தப் புத்தகங்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னக் கடுப்பு. தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே தரையில் கொட்டி விற்கும் பழைய புத்தகக் குவியலில் இருந்து, வேலை முடிந்து வரும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் கரடிக் குடும்பம். சட்டை போட்ட கரடி, கவுன் போட்ட கரடி, நடுவில் ஒரு குட்டி.

"இன்னா மாப்ள, நம்ம ஊர்ல குரங்கு, யானை, நாய் ஒண்ணும் கெடைக்கலயா. கொழந்தைக்குக் கரடிதான் கெடச்சுதா?"

"குரங்குக் கதையில குரங்கு தனியா சுத்திக்கிட்டு இருக்கும் மச்சான். கரடின்னா குடும்பமா இருக்கு" என்றீர்கள்.

உங்கள் மகள் மித்ராவுக்கு அப்போது சரியாகப் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்வீர்கள், அவள் உங்கள் மடியில், புத்தகம் அவள் மடியில். நான் மீன் வாங்கிக்கொண்டு வருபவன், வாசற்படியிலேயே நின்று கேட்பேன். உங்கள் கதையில் அப்பா கரடி தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டிக்கு வேலைக்குப் போகும். அம்மா கரடி கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லும். அது மறந்துவிட்டு வந்து வாசலில் தலையைச் சொறியும். கேஸ் சிலிண்டர் வராததற்குக் கரடிக் குடும்பமே முடிச்சூர் ரோட்டு ஏஜென்சியில் போய் நிற்கும்.

"இங்கிலீஷ்ல அப்படியா போட்டுக்கீது?" என்று கேட்டேன்.

"அது கையில ஒரு பை இருக்கு பாருங்க. பைக்குள்ள என்ன இருக்குன்னு நாமதானே சொல்லணும்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "கதையை மாத்தலாம் மச்சான். படத்தை மாத்த முடியாது. அவ படத்தைப் பாத்துட்டு இருக்கா."

அப்பா கரடிக்கு நீங்கள் போட்ட உறுமல் இருக்கிறதே, அது நான் கற்றுக்கொடுத்தது. மறுக்காதீர்கள். முதலில் நீங்கள் போட்டது ஜலதோஷம் பிடித்தவன் மூக்கைச் சிந்துகிற மாதிரி இருந்தது. உண்மையான கரடியை நேருக்கு நேர் பார்த்தவன் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான். வண்டலூர் ஜூவில் நான் போய் நின்றதும் அந்தக் கரடி படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து, இரண்டு காலில் நின்று, என்னைப் பார்த்து ஒரு உறுமல் விட்டது. பக்கத்தில் நின்ற ஊழியரே அசந்துபோய், "சார், இது மினிஸ்டர் வந்தாக்கூட எந்திரிக்காது" என்றார். இதை நான் மித்ராவுக்குச் சொன்னபோது நீங்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா போனது அதுக்குச் சாப்பாட்டு நேரம் பாப்பா" என்றீர்கள். கவிதா சமையற்கட்டில் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

நீங்கள் போன கதையை உங்களுக்கே நான் என்ன எழுதுவது. ஆவணியில் ஒரு நாள் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. உங்கள் செம்பாக்கம் வீட்டு வாசலில் என் கடைச் சாமியானாதான் போட்டது. செம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பந்தல் யாருக்கும் போட்டதில்லை. சரி, தெரு சின்னது, அதனால் பெரிதாகத் தெரிந்தது. எத்தனையோ வீட்டுக்கு நானே ஏணியில் ஏறிக் கட்டியிருக்கிறேன். அன்று ஆட்களை விட்டுவிட்டு, தெருமுனையில் போய் நின்று வருகிற போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டித் திருப்பிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

காரியம் முடிந்ததும் உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து மாட்டியதும் நான்தான். சந்தன மாலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு. மித்ரா பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எங்கே என்று அவள் கேட்டபோது, வந்தவர்கள் எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன். "அப்பா சாமிகிட்ட போயிருக்கார்."

கவிதா ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தாள். குளிர்காலம் முழுக்கக் கரடிக் குடும்பம் குகைக்குள் தூங்கி எழுந்திருக்கிற புத்தகம் ஒன்று உண்டே, அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதை மேல லாஃப்ட்ல போட்டுடுண்ணா. அப்பாவும் தூங்கி எழுந்து வந்துடுவார்னு நினைச்சுப்பா."

பழைய குக்கர், கொலு பொம்மைப் பெட்டி எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளி வைத்தேன். பெரிய ஆபத்து ஒன்றைத் தாண்டிவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி. ஆபத்து லாஃப்டில் இல்லை, சுவரில் மாட்டியிருந்தது. அதையும் முன்கூட்டியே சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். சொல்லவில்லை.

சாயங்காலம் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு தினமும் செம்பாக்கம் போக ஆரம்பித்தேன். மித்ரா புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்றாள் கவிதா. நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "உனக்குத்தான் இங்கிலீஷ் வராதேண்ணா." "கரடிக்கு மட்டும் வருதா?" என்று கேட்டுவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன்.

பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை.

அப்பா கரடியின் கழுத்தில் மாலை. மஞ்சளும் பழுப்புமாகக் கிரேயானில் அழுத்தி அழுத்தி வரைந்த மாலை. நெற்றியில் சிவப்பாகப் பொட்டு. அடுத்த பக்கத்தில் அப்பா கரடி மரம் வெட்டுகிறது, கழுத்தில் மாலை. அதற்கடுத்த பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறது, கழுத்தில் மாலை. அடுத்த புத்தகத்தை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். ஒரு அப்பா கரடியையும் மித்ரா விட்டுவைக்கவில்லை. புத்தகம் பூராவும் கிரேயான் வாசனை. அவள் எப்போது உட்கார்ந்து இதைச் செய்தாள் என்று கவிதாவுக்கும் தெரியவில்லை. தொடுவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஆரம்பித்தேன். ஏரியில் படகு போகிற பக்கம். படகில் ஓட்டை, தண்ணீர் பொங்குகிறது, குட்டி அலறுகிறது. அப்பா கரடிக்கு உறுமல் கொடுப்பதற்காக மூச்சை இழுத்தேன். மித்ரா தன் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"அப்பா கரடி பேசாது மாமா."

"ஏன்?"

"மாலை போட்டா பேச மாட்டாங்க."

அதன்பிறகு நான் சொன்ன கதைகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். அம்மா கரடி கேட்கும், ஜன்னலை யார் திறந்து போட்டது என்று. பதில் வராது. மித்ரா கொஞ்ச நேரம் காத்திருந்து பக்கத்தைத் திருப்புவாள். குட்டிக் கரடி கேட்கும், இன்னும் எவ்வளவு தூரம் என்று. பதில் வராது. பக்கம் திரும்பும். படத்தில் அப்பா கரடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை என்னுடையது. அந்த மௌனம் என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கரடிக்காக யாராவது பதில் சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். என் வீட்டுக்காரி, "இன்னாத்துக்கு சோத்தைப் பாத்துப் பேசிக்கினு கீறே?" என்று கேட்டாள்.

கார்த்திகை பிறந்தது. உங்கள் கீழ் வீட்டு சேகர் வழக்கம்போல சபரிமலைக்கு மாலை போட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் துளசி மணி மாலை. தெருவே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. அவரும் பால்காரரிலிருந்து மித்ரா வரைக்கும் எல்லோரையும் சாமி என்று கூப்பிட்டார். அவரைப் படிக்கட்டில் பார்த்ததும் எனக்கு மூளையில் பளிச்சென்றது. இந்த யோசனை படித்தவன் எவனுக்கும் வந்திருக்காது.

"பாப்பா, சேகர் அங்கிள் கழுத்துல இன்னா கீது?"

"மாலை."

"பொட்டு?"

"இருக்கு."

"பேசறாரா இல்லியா, போய்க் கேட்டுக்கினு வா."

இறங்கி ஓடினாள். மேலே நின்று எட்டிப் பார்த்தேன். "நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டாள். சேகர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்து, "பேசுவேனே சாமி. உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். மித்ரா திரும்பி ஏறினாள். வந்து, படகுப் புத்தகத்தை எடுத்து, ஓட்டைப் படகுப் பக்கத்தைச் சரியாகப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

"பேசலாம்" என்றாள்.

நான் விட்டேன் பாருங்கள் ஒரு உறுமல், எதிர்வீட்டு நாய் எழுந்து தெருமுனை வரை ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தது. "பயப்படாதே குட்டி, இது நம்ம செம்பாக்கம் ஏரிதான், இடுப்பளவு தண்ணிதான்" என்றது அப்பா கரடி. மித்ரா சிரித்தாள். கவிதா சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று நான் ஸ்கூட்டரில் திரும்பும்போது என்னைப்போல் ஒரு தாய்மாமன் இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள்தான் அனுபவித்தேன். மார்கழியில் சேகர் இருமுடி கட்டினார். வாசலில் தேங்காய் உடைத்தார்கள், சரணம் சொன்னார்கள். மித்ரா கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாளாம். "அங்கிள் எங்கே போறார்?" என்று கேட்டதற்கு சேகரின் மனைவி சொன்னார்: "சாமிகிட்ட போயிட்டு வருவார்டா கண்ணு." போனார். வந்தார். மாலையைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்தார், தாடியை எடுத்தார், பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார்.

அன்று மத்தியானம் கவிதா போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அண்ணா, உடனே வா."

முடிச்சூரில் ஒரு வளைகாப்புப் பந்தல். ஏணியில் பாதியில் நின்றவன் அப்படியே இறங்கி ஸ்கூட்டரை எடுத்தேன். போனால், உங்கள் போட்டோவில் மாலை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் முக்காலியை வைத்து ஏறிக் கழற்றியிருக்கிறாள். விழாமல் இருந்தது யார் புண்ணியமோ. மாலை பூஜை அலமாரியில் மடித்து வைத்திருந்தது. மித்ரா கீழ்ப்படியில் ஸ்கூல் ஷூவைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வருகிற பக்கம்.

கவிதா என்னைச் சமையற்கட்டுக்குள் கூப்பிட்டாள்.

"உன்னை யாருண்ணா கதை அளக்கச் சொன்னது?"

"நான் இன்னா சொன்னேன்? கரடி பேசணும்னு..."

"கீழ் வீட்டு சாமியைக் காட்டினது நீதானே? அவர் போன மாதிரியே அப்பாவும் போயிருக்கார், மாலையைக் கழட்டினா வந்துடுவார்ங்கறா. மதியம் சாப்பாடு வேண்டாங்கறா. அப்பா வந்ததும் சாப்பிடறாளாம்."

"நீ சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? சாமிகிட்ட போயிருக்கார்னு சொன்னதே நான்தானே." அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வாய் வரலைண்ணா. உனக்குத்தான் எல்லாத்துக்கும் வாய் வருமே. நீயே போய்ச் சொல்லு."

படியிறங்கினேன். இறங்குவதற்குள் என் தலைக்குள் நாலைந்து கதை வந்துவிட்டது. நட்சத்திரம், மேகம், தூரத்து ஊர், பெரிய ஆபீஸில் பெரிய வேலை என்று ஒவ்வொன்றும் ஜோடித்துக்கொண்டு தயாராக நின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று போனது. ஒரு ஆட்டோ நின்றது, அவள் நிமிர்ந்தாள், யாரோ ஒரு அம்மா இறங்கினார்கள், அவள் மறுபடி முதுகை வளைத்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் தயாராக வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அப்பா வர மாட்டார் பாப்பா."

"வருவார். சேகர் அங்கிள் வந்துட்டாரு."

"சேகர் அங்கிள் பஸ்ல போனாரு, பஸ்ல வந்தாரு. அப்பா செத்துட்டாரு. செத்துட்டா மூச்சு வராது. நடக்க முடியாது, பேச முடியாது. வர முடியாது."

என் வாழ்க்கையில் நான் ஜிகினா ஒட்டாமல் சொன்ன பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. ஷூவின் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:

"அப்போ அப்பா கரடி?"

"அதுக்கு இன்னா?"

"அதுவும் பேசாதா?"

பேசாது என்று சொன்னால் அந்தப் புத்தகங்களை அவள் இனித் திறக்கவே மாட்டாள். பேசும் என்று சொன்னால் நாளைக்கு மறுபடி இந்தப் படியில் வந்து உட்காருவாள். அந்த நேரத்தில்தான், மாப்பிள்ளை, நீங்கள் என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஆடி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், லேசான தூறல். நீங்கள் ரயிலிலிருந்து இறங்கி வந்தீர்கள், நான் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். டீக்கடை ஓரமாக ஒதுங்கினோம். புதிதாக வாங்கிய கரடிப் புத்தகத்தை நனையாமல் சட்டைக்குள் செருகியிருந்தீர்கள். "மச்சான், நான் இல்லாதப்போ பாப்பா புக் எடுத்துட்டு வந்தா, அப்பா கரடிக்கு நீங்க பேசிடுங்க. உங்க குரல்லயே பேசுங்க, பரவாயில்ல" என்றீர்கள்.

அதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பாவே சொன்னாரா?"

"அப்பாவே சொன்னாரு."

"அப்போ நீயே பேசு. அப்பா மாதிரி பேசாதே. மாமா மாதிரியே பேசு."

மேலே ஏறிப் போனோம். சாப்பிட்டாள். மாலையை மறுபடி போட்டோவுக்குப் போடச் சொல்லி அவளே எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் ரப்பரை எடுத்துவைத்துக்கொண்டு அப்பா கரடியின் கழுத்திலிருந்த மாலையை அழிக்கப் பார்த்தாள். கிரேயான் அழியுமா. மஞ்சள் தீற்றலாகச் சட்டை முழுக்கப் பரவியது. "பரவால்ல, சாம்பார் கொட்டிக்கிச்சு" என்றேன். அன்றிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் அப்பா கரடி சாம்பார் கொட்டிக்கொண்ட சட்டையோடுதான் ரயிலேறுகிறது.

அந்தப் புத்தகங்கள் இப்போது என் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் மாறி மாறிப் பயணம் செய்கின்றன. காதுகுத்து வீட்டில் பந்தல் கட்டிவிட்டு உட்கார்ந்தால் நாலு பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். எனக்கு எழுத்து வேண்டாம், படம் போதும். என் குரலிலேயே பேசுகிறேன். ஆனால் கொத்தமல்லியை மறந்துவிட்டு வருகிற இடம் வந்தால் மட்டும் நீங்கள் இழுக்கிற மாதிரி "அடடே" என்று ஒரு இழுப்பு என்னையறியாமல் வந்துவிடுகிறது. அதை மித்ராவும் கவனித்திருக்கிறாள். விட்டுவிட்டாள். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த இழுப்புதான். எங்கே போனாலும் கூடவே வருகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கடிதம். ஆனால் நான் இன்று ஏன் நிலைகொள்ளாமல் கயிறு சுருட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவேண்டுமே.

கவிதாவிடம் மித்ரா அந்த ஸ்டேஷன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கவிதா என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். "நிஜமா அப்படிச் சொன்னாராண்ணா?" ஆமாம் என்றேன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. உங்கிட்ட சொல்லணும்னு தோணியிருக்கு பாரு. உடம்பு முடியலைன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமோ?" என்றாள். நான் சாமியானா விஷயமாக யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை. அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் இரண்டு தடவை, நான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது உங்கள் போட்டோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்று மித்ரா படகுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "மாமா, அப்பா அதைச் சொன்னப்போ என்ன கலர் சட்டை போட்டிருந்தார்?"

என்னை நினைத்துப் பாருங்கள். கரடியை எழுந்து நிற்க வைத்தவன். மினிஸ்டரைக் கொண்டுவந்து ஜூவில் நிறுத்தியவன். நீலம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் திறந்தேன், வரவில்லை. நான் எந்தக் கலரைச் சொன்னாலும் அவள் அதை வைத்துக்கொள்வாள். பெரியவளாகி, கல்யாணமாகி, அவள் பிள்ளைக்குச் சொல்லும்போதும் அப்பா அந்தக் கலர் சட்டையில், தூறலில், டீக்கடை ஓரத்தில் நிற்பார்.

"யோசிச்சு சொல்றேன் பாப்பா" என்றேன்.

"நாளைக்குச் சொல்லு" என்றாள்.

அவள் சொன்ன அந்த "நாளைக்கு" இன்றுதான். வெயில் சாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் செம்பாக்கத்துக்கு வண்டியை எடுக்கவேண்டும். அவள் கேட்பாள். கவிதாவும் சமையற்கட்டில் கையை நிறுத்திவிட்டு அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பாள்.

எனக்கு அந்தக் கலர் தெரியாது, மாப்பிள்ளை. அந்தத் தூறலும் இல்லை, டீயும் இல்லை. ஆடியில் நாம் ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்பா கரடிக்குப் பேசுங்கள் என்று நீங்கள் என்னிடம் சொன்னதே கிடையாது.